கல்லில் அமர்ந்து அரசரானவர்கள்

13ஆம் நூற்றாண்டின் இறுதிவரை ஸ்காட்லாந்தில் ஒருவரை அரசராக்கும் சடங்கின் மையம் மகுடம் அல்ல, ஒரு கல். பெர்த் நகரத்துக்குப் பக்கத்திலுள்ள ஸ்கோனில் அது இருந்தது. ஆனால் யார் வேண்டுமானாலும் போய் உட்கார்ந்து அரசராகிவிட முடியாது. உட்கார வைக்கும் உரிமை ஃபைஃப் பிரபுக்களான மக்டஃப் குடும்பத்துக்கே உரியது. 1249இல் ஏழு வயதுச் சிறுவன் மூன்றாம் அலெக்சாண்டர் அமர்ந்தபோது, முதியவர் ஒருவர் முன்னால் மண்டியிட்டு, அவனுடைய முன்னோர்களின் பெயர்களை ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கில் வரிசையாகச் சொன்னார். கல், அமர்த்தும் கை, வம்சாவளி, பார்த்து ஒப்புக்கொள்ளும் பிரபுக்கள்: இத்தனையும் சேர்ந்துதான் அரசர்.

இங்கிலாந்தின் முதலாம் எட்வர்டுக்கு இது நன்றாகவே தெரியும். 1296இல் படையெடுத்து வந்தவர் கல்லைப் பெயர்த்து வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கொண்டுபோய், அதை வைக்கவென்றே ஒரு நாற்காலியும் செய்வித்தார். கல் போனால் அரசும் போகும் என்பது கணக்கு.

அது பலிக்கவில்லை. 1306 மார்ச்சில் ஸ்காட்லாந்துப் பிரபு ராபர்ட் புரூஸ் கல் இல்லாமலே ஸ்கோனில் முடிசூடினார். ஃபைஃப் பிரபுவோ சிறுவன், அதுவும் எட்வர்டின் பிடியில். அந்தக் குடும்பத்துப் பெண் இசபெல்லா, தன் கணவர் எதிரணியில் இருந்தும், புறப்பட்டு வந்தார். அதற்குள் விழா முடிந்திருந்தது. சரி என்று விட்டுவிடவில்லை. அவர் கையால் அமர வேண்டும் என்பதற்காகவே சடங்கை மறுபடி நடத்தினார்கள். எவ்வளவு துணிச்சல் அந்தப் பெண்ணுக்கு! பிற்பாடு அவரைப் பிடித்த எட்வர்ட், பெர்விக் கோட்டையில் கூண்டு கட்டி அடைத்தார். கல்லைவிட அந்தக் கைக்குத்தான் அவர் அதிகம் அஞ்சினார் என்று எனக்குத் தோன்றுகிறது.

முடிசூட்டும்போது அரசருக்குப் புனித எண்ணெய் பூசும் உரிமை ஸ்காட்லாந்துக்கு அப்புறம்தான் கிடைத்தது. 1329இல் போப் அனுமதி தந்தார். 1331இல் இரண்டாம் டேவிட் முதன்முதலாக அபிஷேகம் பெற்றார்.

விவிலியத்து யாக்கோபு தலைவைத்துப் படுத்த கல்தான் இந்த ஸ்கோன் கல் என்பது பழைய கதை. புவியியலாளர்கள் அதன் மணல் துகள்களையும் கனிமங்களையும் ஆராய்ந்தபோது, அவை ஸ்கோன் வட்டாரத்து மணற்கல்லோடு பொருந்தின. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த பாறை. எடை 152 கிலோ. 2023இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடுவதற்கு முன் நடந்த ஆய்வில், ரோமானிய எண்களைப் போன்ற கீறல்களும், செம்புக் கலவைப் பொருள் ஒன்று அதன்மேல் இருந்ததைக் காட்டும் தடயமும் தெரியவந்தன. 2024 முதல் கல் பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.