சின்னப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம்: விதி சொல்வது என்ன, வீட்டில் செய்ய வேண்டியது என்ன

ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது. இது ஏதோ வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தி என்று நிறையப் பெற்றோர் நினைக்கிறார்கள், ஆனால் சென்னை உயர் நீதிமன்றம் 2018 மே மாதம் போட்ட உத்தரவு அது. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் சின்னப் பிள்ளைகள் மேல் ஏற்றும் புத்தகச் சுமையைப் பற்றித் தொடரப்பட்ட வழக்கில் நீதிபதி என். கிருபாகரன், பிள்ளைகள் ஒன்றும் பளு தூக்குபவர்கள் இல்லையே என்று கேட்டதோடு, இந்த இரண்டு வகுப்புகளுக்கும் வீட்டுப்பாடம் கூடாது, எல்லா மாநிலங்களுக்கும் இதைச் சொல்லுங்கள் என்று மத்திய அரசுக்கு உத்தரவிட்டார். அந்த ஆண்டு நவம்பரிலேயே மத்திய அரசின் சுற்றறிக்கையும் வந்தது. பிறகு 2020-இல் மத்திய அரசின் புத்தகப்பைக் கொள்கை என்று ஒன்று வெளியானது. அதன்படி 3 முதல் 5 வரையுள்ள வகுப்புகளுக்கு அதிகபட்சம் 2 மணி நேர வீட்டுப்பாடம்தான் தரலாம், அதுவும் ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு. ஐந்து நாளுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு 24 நிமிடம். பையின் எடை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பதும் அதே கொள்கையில் உண்டு.

இப்போது உங்கள் வீட்டு மாலை நேரத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று பக்கம் 'காப்பி ரைட்டிங்', இரண்டு வாய்ப்பாடு, நாளைக்கு டிக்டேஷன், இதெல்லாம் முடித்துவிட்டு டியூஷன்.

சரி, வீட்டுப்பாடமே இல்லையென்றால் பிள்ளை எப்படிப் படிப்பான் என்று கேட்பவர்களுக்கு அந்தக் கொள்கையே ஒரு பதில் வைத்திருக்கிறது. நேற்று மாலை என்ன விளையாடினாய், ராத்திரி வீட்டில் என்ன சமையல், யார் யார் கூட உதவினார்கள் என்று மறுநாள் வகுப்பில் பிள்ளையைப் பேச வைக்கச் சொல்கிறது. படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும், ஆனால் நடந்ததை முன்பின் மாறாமல் நாலு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எழுதுவது பாதி வந்த மாதிரிதான்.

இன்னொரு சட்டத்தையும் இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடஒதுக்கீட்டுக்காக மட்டும் எல்லோரும் இதைப் பேசுகிறார்கள். இதன் பிரிவு 10 பெற்றோர்மேல் வைக்கிற கடமை பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, அவ்வளவுதான். கற்றுக்கொடுக்கிற கடமை பிரிவு 24-இல் ஆசிரியர்மேல் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் கற்கும் திறனையும் பார்த்து, தேவைப்பட்டால் அந்தப் பிள்ளைக்குக் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெற்றோரைத் தவறாமல் கூப்பிட்டு வருகை எப்படி, கற்றல் எப்படி, எவ்வளவு முன்னேற்றம் என்று சொல்ல வேண்டும். சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகள் தவிர, அரசுப் பள்ளி, தனியார் பள்ளி இரண்டுக்கும் இது பொருந்தும். அதனால் "உங்க பையனுக்கு வாசிக்கவே வரலை, வீட்ல கொஞ்சம் பாருங்கம்மா" என்று டைரியில் எழுதி அனுப்புவதோடு பள்ளியின் வேலை முடிந்துவிடாது. "சரிங்க மிஸ், நீங்க கூடுதலா என்ன பண்றீங்க, நான் வீட்ல எதைப் பார்க்கணும்?" என்று தன்மையாகக் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் இதைக் கேட்பது இன்னும் சுலபம். கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து, எழுத்தே தெரியாமல் மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்காக 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கியது. முதலில் 1 முதல் 3 வரை, அடுத்த கல்வியாண்டில் 4, 5 வகுப்புகளுக்கும் வந்தது. இதில் பிள்ளைகளை அவரவர் கற்றலுக்கு ஏற்றபடி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். பெற்றோர் கூட்டத்துக்குப் போனால் மார்க் எவ்வளவு, ரேங்க் எத்தனை என்று கேட்காதீர்கள், தமிழில் எந்த நிலை, கணக்கில் எந்த நிலை என்று தனித்தனியாகக் கேளுங்கள், ஏனென்றால் தமிழில் மலராக இருக்கிற பிள்ளை கணக்கில் அரும்பாக இருக்கலாம். அரும்பு என்று சொன்னால் முகம் வாட வேண்டாம், பிள்ளையிடம் போய் அதைச் சொல்லிக் காட்டவும் வேண்டாம். எங்கே நிற்கிறான் என்று தெரிந்தால்தான் வீட்டில் எதைத் தொடுவது என்று தெரியும்.

வீட்டில் செய்வதில் முதல் விஷயம் வாசிப்பு. தினமும் பத்து நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பாடப்புத்தகமாகவே இருக்க வேண்டும் என்றில்லை, பஸ் போர்டு, மளிகைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் சரி. 4, 5 வகுப்புப் பிள்ளைகளுக்கென்று பள்ளிக் கல்வித் துறையே 'ஊஞ்சல்' என்ற இதழ் நடத்துகிறது, பள்ளியில் விசாரியுங்கள். வாசிக்கும்போது ஒவ்வொரு தப்புக்கும் நிறுத்தாதீர்கள். 'கொ'வையும் 'கோ'வையும் மாற்றிப் படித்தால் வாக்கியம் முடியும்வரை விடுங்கள், பாதிப் பிள்ளைகள் அர்த்தம் இடிக்கிறதே என்று தாங்களே திரும்பி வருவார்கள். வராவிட்டால் அப்போது சொல்லுங்கள். ரகர றகரக் குழப்பத்துக்கு மூன்றாம் வகுப்பில் தலையில் குட்டுவது வீண் வேலை. நமக்கே ஐம்பது வயதில் சந்தேகம் வருகிறது.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இதை எப்படிச் செய்வது? கேட்டுக்கொண்டு உட்காருங்கள், போதும். "அப்புறம் அந்த நரி என்ன பண்ணுச்சு?" என்று கேட்க எழுத்துத் தெரிய வேண்டியதில்லை. உங்களுக்குத் தெரிந்த கதையைச் சொல்லி அதையே பிள்ளையைத் திரும்பச் சொல்ல வைக்கலாம். வெளியூரில் வேலை செய்கிற அப்பா ராத்திரி போனில் பேசும்போது "சாப்டியா, படிச்சியா" என்பதோடு வைத்துவிடாமல் இன்றைக்கு வாசித்த கதையைக் கேட்டால் அதுவும் கணக்கில் சேரும்.

கணக்குக்குக் கடைதான் நல்ல இடம். ஐம்பது ரூபாயைக் கையில் கொடுத்து முப்பத்தாறு ரூபாய்க்குச் சாமான் வாங்கி வரச் சொல்லி, மீதி எவ்வளவு வரும் என்று போவதற்கு முன்னாலேயே கேளுங்கள். இட்லிக்கு நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, அப்போ எட்டு டம்ளர் அரிசிக்கு? பூக்காரம்மாவிடம் மூன்று முழம் வாங்கினால் எவ்வளவு? வாய்ப்பாட்டை ராகம் போட்டு ஒப்பிக்கிற பிள்ளை இந்தக் கேள்வியில் முழிக்கும். அங்கேதான் நம் உதவி தேவை. இங்கே ஒரு எச்சரிக்கை. கழித்தல், வகுத்தலில் பள்ளியில் சொல்லித்தருகிற முறை நாம் படித்த முறை மாதிரி இருக்காது. "இதெல்லாம் தப்பு, நான் சொல்ற மாதிரி போடு" என்று ஆரம்பித்தால் பிள்ளை இரண்டையும் விட்டுவிடும். டீச்சர் எப்படிப் போடச் சொன்னார் என்று பிள்ளையையே நமக்குச் சொல்லித்தரச் சொல்வது நல்லது.

டியூஷன் பற்றி ஒரு வார்த்தை. பள்ளி ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 28 சொல்கிறது. தன் வகுப்புப் பிள்ளையையே மாலையில் தன் வீட்டுக்கு வரச் சொல்கிற ஆசிரியரை எல்லா ஊரிலும் பார்க்கலாம். அனுப்பாவிட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

அரசுப் பள்ளி என்றால் பேசுவதற்கு ஓர் இடம் இருக்கிறது, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர்தான், மொத்த உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். கழிப்பறை, குடிநீர், சுற்றுச்சுவர் இதைத்தான் அங்கே பெரும்பாலும் பேசுகிறார்கள், வேண்டியதுதான், ஆனால் நம் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்க வருகிறது என்றும் கேட்கலாம். நிதி உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இந்தக் குழு கிடையாது. அங்கே ஒன்றாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் குவிந்தால் முதலில் வகுப்பு ஆசிரியரிடம் பேசுங்கள், பிறகு நீதிமன்ற உத்தரவைக் குறிப்பிட்டு பள்ளி முதல்வருக்கு எழுத்தில் கொடுத்து ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தனியாகப் போவதைவிட அதே வகுப்புப் பெற்றோர் நாலைந்து பேர் கையெழுத்துப் போட்டால் பிள்ளையைக் குறிவைக்க முடியாது. அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கும் கூப்பிடலாம்.