ஆம்பை அளக்கும் முன் அளக்கும் பெட்டியை அளந்து பாருங்கள்

போன பங்குனியில் அந்தியூர்ப் பக்கத்து மைக் செட்காரர் ஒருவர் ஆம்ப்ளிபயரைத் தூக்கிக்கொண்டு கோபியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தார். "ஏனுங் தம்பி, மூணு நோம்பில நாலு ஹார்ன் யூனிட் போயிருச்சுங். யூனிட்டு டூப்ளிகேட்டா, இல்ல ஆம்ப்ல கோளாறா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்" என்றார். நோம்பி என்றால் எங்கள் பக்கம் திருவிழா. ஹார்ன் யூனிட் என்பது புனல் ஸ்பீக்கரின் பின்னால் இருந்து ஒலி எழுப்பும் பகுதி. பெட்டியின் முகப்பில் தங்க எழுத்தில் 1000+1000 வாட். மூடியைக் கழற்றினால் உள்ளே டிரான்ஸ்பார்மரின் மேல் 40-0-40 வோல்ட், 5 ஆம்பியர் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. இரண்டு 40உம் சேர்ந்த 80 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 400. அதுதான் அந்த டிரான்ஸ்பார்மர் தாங்கும் அளவு. சட்டியில் 400 இருக்கையில் அகப்பையில் 2000 எப்படி வரும்?

கணக்குச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, திரையில் காட்டினால் நம்புவார்கள். இரண்டு சேனலிலும் ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம் டம்மி லோடு (ஸ்பீக்கர் அளவுக்குச் சுமை கொடுக்கும் ரெசிஸ்டர்) மாட்டி, 1 கிலோ ஹெர்ட்ஸ் சைன் அலை கொடுத்து, வெளியே வருவதை ஏடிசி, அதாவது அலையை எண்களாக மாற்றும் பெட்டி, வழியாக லேப்டாப்பில் பார்த்தோம். 20 வாட் வரை டிஸ்டார்ஷன், அதாவது அலை உருக்குலையும் அளவு, 0.03 சதவீதம். அந்த விலைக்கு மோசமில்லை. திரையில் ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒரு தூணாகத் தெரியும். வால்யூமைக் கூட்டக் கூட 1 கிலோ ஹெர்ட்ஸ் தூணுக்கு வலப்புறம் 3, 5, 7 கிலோ ஹெர்ட்ஸில் தென்னை வரிசை போல ஒவ்வொன்றாக முளைத்து வளர்ந்தன. 30 வோல்ட்டில் டிஸ்டார்ஷன் 1 சதவீதத்தைத் தொட்டது. 30ஐ 30ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 112 வாட். அதற்கு மேல் குமிழைத் திருகினால் அலையின் தலைதான் வெட்டுப்பட்டது.

"ஆயிரம் வாட் இருக்குதுன்னு நெனச்சுத்தானுங் முழுசாத் திருப்பறோம்" என்றார். யூனிட் போன காரணம் அதுதான். தலை முழுக்க வெட்டுப்பட்டுச் சதுரமாகிவிட்ட அலையில், அதே உயரமுள்ள சைன் அலையைப் போல இரண்டு மடங்கு பவர் இருக்கிறது. பாட்டில் பேஸ் முதலில் முட்டி நின்றுவிடும். மேல் ஸ்தாயி மட்டும் குமிழோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகும். அந்தச் சூட்டை முழுக்க ஹார்ன் யூனிட்டின் மெல்லிய கம்பிச் சுருள்தான் வாங்குகிறது. வள்ளி கும்மிக்கு மூன்று மணி நேரம் நிற்காமல் பாட்டு ஓடினால் அது என்ன ஆகும்?

சரி, வாட் ஸ்டிக்கர் பொய் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அளக்கிற பெட்டியிலும் இதே போன்ற ஸ்டிக்கர் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஏடிசி அடங்கிய யூஎஸ்பி ஆடியோ இன்டர்பேஸின் அட்டைப்பெட்டியில் 24 பிட், 192 கிலோ ஹெர்ட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஏட்டுக் கணக்குப்படி பிட் எண்ணிக்கையை 6.02ஆல் பெருக்கி 1.76 கூட்டினால் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி டெசிபலில் கிடைக்கும். 16 பிட்டுக்கு 98, 24 பிட்டுக்கு 146. ஆனால் ரெசிஸ்டரில் இருக்கும் வெப்ப இரைச்சலே அந்த 146ஐ எட்ட விடாது. மிக நல்ல ஏடிசிகள்கூட 120களில்தான் நிற்கும், அதாவது ஏறக்குறைய 20 பிட். மலிவானவை அதற்கும் வெகு கீழே. 1984இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆடியோ பிரிசிஷன் போன்ற நிறுவனங்களின் ஆடியோ அளக்கும் கருவியான அனலைசர் லட்சக்கணக்கில் விலை. என்னைப் போன்ற பட்டறைக்காரனுக்கு நல்ல ஏடிசி ஒன்றும் இலவசமாகக் கிடைக்கும் ஆர்இடபிள்யூ என்ற அளக்கும் மென்பொருளும் போதும். ஆனால் தன் பெட்டியின் எல்லை எதுவரை என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு ஒரே வழி லூப்பேக். ஆம்ப் எதையும் நடுவில் வைக்காமல், இன்டர்பேஸின் அவுட்டையே அதன் இன்புட்டில் சொருகி அளப்பது. அப்போது தெரியும் டிஸ்டார்ஷனும் இரைச்சலும் உங்கள் பெட்டியுடையவை. நீங்கள் அளக்கப் போகும் பொருளைவிடப் பெட்டி குறைந்தது 10 டெசிபலாவது சுத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எது எதனுடையது என்று பிரிக்க முடியாது. ஒரு வேடிக்கை: சில சமயம் பெட்டியின் ஹார்மோனிக்கும் (மேலே சொன்ன 3, 5, 7 கிலோ ஹெர்ட்ஸ் போன்ற மடங்குத் தூண்) ஆம்பின் ஹார்மோனிக்கும் எதிரெதிராக வந்து ஒன்றையொன்று அழித்து, சுமாரான ஆம்பைத் தங்கம் போலக் காட்டும். லூப்பேக்கைவிட நல்ல எண் வந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு, ஏமாந்தவன் நான். காங்கேயத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 'ம்ம்' என்று ஹம் அடிக்கிறது என்று ஆம்ப் கொண்டுவந்தார். திரையில் 50, 100, 150 ஹெர்ட்ஸில் வரிசையாகத் தூண்கள், பெரியது மைனஸ் 62 டெசிபலில். பில்டர் கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றினேன். தூண் அசையவில்லை. ரெக்டிபயரை மாற்றினேன், அப்போதும் இல்லை. மாலையில் வீட்டுக்குக் கிளம்ப லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் அத்தனை தூணும் பொத்தென்று விழுந்து மைனஸ் 94க்குப் போனது. மூன்று பின் சார்ஜரின் எர்த்தும் ஆம்பின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் போட்டிருந்தன. அவர் வீட்டில் கேட்ட ஹம்மும் கடைசியில் டிவி கேபிளோடு வந்த இதே வளையம்தான். கெப்பாசிட்டர் காசை நான் வாங்கவில்லை. அன்றிலிருந்து அளக்கும்போது லேப்டாப் பேட்டரியில்தான் ஓடுகிறது.

அதற்கு முன்பே ஒரு இன்டர்பேஸைப் புகைத்தும் இருக்கிறேன். பல கார் ஆம்ப்கள், டிபிஏ3116 சிப் போட்ட ஆம்ப் போர்டு போன்றவற்றில் ஸ்பீக்கரின் மைனஸ் முனை கிரவுண்டு அல்ல, அதிலும் சிக்னல்தான் ஓடும். பழக்க தோஷத்தில் அதை ஏடிசியின் கிரவுண்டில் மாட்டினேன். அப்புறம் என்ன, ஊதுபத்தி வாசம். இந்த வகை ஆம்புக்கு இரண்டு முனைக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் டிபரென்ஷியல் இன்புட் கட்டாயம் வேண்டும். எந்த ஆம்பாக இருந்தாலும் அவுட்புட்டை நேராக ஏடிசியில் கொடுக்காதீர்கள். 9 கிலோ ஓம், 1 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர் போட்டுப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 30 வோல்ட் 3 ஆகும். பல லைன் இன்புட்கள் தாங்குவது ஏறக்குறைய அந்த அளவுதான்.

ஏடிசிக்கு வோல்ட் என்றால் என்னவென்று தானாகத் தெரியாது, நாம்தான் மல்டிமீட்டர் வைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். மலிவு மல்டிமீட்டர்கள் பல 400 ஹெர்ட்ஸுக்கு மேல் ஏசி வோல்ட்டைத் தப்பாகக் காட்டும். அதனால் நான் 100 ஹெர்ட்ஸில் வைத்துத்தான் ஒப்பிடுகிறேன். கரண்ட் வோல்ட்டேஜையும் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். சாயங்காலம் சுற்றிலும் தறி ஓடும்போது 230 வோல்ட் 205க்கு இறங்குவது இங்கே சகஜம். இந்த மாதிரி ஆம்பில் பவர் வோல்ட்டேஜின் வர்க்கத்தில் குறையும் என்பதால் காலையில் 112 வாட் காட்டியது சாயங்காலம் 90க்குக் கீழே போகும்.

இன்னொன்று, விற்பவர்கள் அனுப்பும் படங்கள். எப்எப்டி என்பது ஒலியை அதிர்வெண்வாரியாகத் துண்டு போடும் கணக்கு. அந்தப் படத்தில் அடியில் புல் முளைத்தது போல் தெரியும் இரைச்சல் மைனஸ் 140இல் இருக்கும். "இரைச்சலே மைனஸ் 140" என்பார்கள். 65,536 புள்ளி எப்எப்டி, மொத்த இரைச்சலைப் பல்லாயிரம் துண்டாக்கிக் காட்டுகிறது. ஒவ்வொரு துண்டும் மொத்தத்தைவிட 45 டெசிபல் கீழே தெரியும். ஆக உண்மையான இரைச்சல் மைனஸ் 95. புல்லின் உயரத்தைக் கேட்காதீர்கள். எத்தனை ஓமில், இரண்டு சேனலும் ஓடும்போது, எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் எத்தனை வாட் என்று கேளுங்கள். 10 சதவீதத்தில் அளந்த வாட்டும் 1 சதவீதத்தில் அளந்த வாட்டும் ஒன்றல்ல. பிஎம்பிஓ (நொடிப்பொழுது உச்சத்தை ஊதிச் சொல்லும் விளம்பர வாட்) என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

மைக் செட்காரருக்கு நான் அலை ஒரு அளவைத் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டர் ஒன்றைப் போட்டு 28 வோல்ட்டில் நிறுத்திக் கொடுத்தேன், கிட்டத்தட்ட 98 வாட். சித்திரை, வைகாசி இரண்டு மாத நோம்பியிலும் ஒரு யூனிட்கூடப் போகவில்லை. ஆனி மாதம் வேறொரு ஆம்பைக் கொண்டுவந்தபோது, பழைய பெட்டியின் பின்புறம் நான் மார்க்கரில் 8 ஓம், 112 வாட் என்று எழுதியிருந்ததைப் பற்றிக் கேட்டார்.

"அதைய மட்டும் அழிச்சுருங் தம்பி. நோம்பிக் கமிட்டிக்காரங்க பாத்தாங்கன்னா வாடகையக் கொறைச்சுப்போடுவாங்க."