சொல் விளக்கம்: ரெக்னீசியம், புரோமித்தியம்

ஐதரசனில் தொடங்கி ஈயம் வரை ஆவர்த்தன அட்டவணையில் 82 மூலகங்கள். அவற்றுள் நிலையான சமதானி (ஒரே மூலகத்தின், திணிவெண் மட்டும் வேறான அணுவகை) ஒன்றுகூட இல்லாதவை இரண்டே இரண்டு: 43 ஆம் இடத்து ரெக்னீசியம், 61 ஆம் இடத்துப் புரோமித்தியம். இரண்டும் உலோகம். இரண்டும் கதிர்த்தொழிற்பாடு உடையவை. இரண்டையும் மனிதர் முதலில் இனங்கண்டது ஆய்வுகூடத்தில். அதனால் உயர்தரக் குறிப்புக் கொப்பிகளில் ‘செயற்கைக் கதிர்த்தொழிற்பாட்டு உலோகங்கள்’ என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த வரி பிழையில்லை. ஆனால் அது பிறப்பைச் சொல்கிறதே தவிரக் குணத்தைச் சொல்வதில்லை. குணத்தில் இவை இரண்டும் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

முதலில் பெயர்கள். ரெக்னீசியம் ‘தெக்னெத்தோஸ்’ என்ற கிரேக்கச் சொல்வழி வந்தது. ‘செயற்கையானது’ என்பதே அதன் பொருள். பெயர் வருவதற்கு முன்பே அட்டவணையில் அதன் வெற்றிடம் தெரிந்திருந்தது. அட்டவணையை வகுத்த மென்டலீவ் அதை ‘ஏகமங்கனீசு’ என்றார்; மங்கனீசுக்கு ஒரு படி கீழே இருப்பது என்று காட்ட நம் காதுக்குப் பழகிய ‘ஏக’ என்ற வடசொல்லைத்தான் எடுத்துக்கொண்டார். 1925 இல் ஜேர்மனியர் மூவர் அதைக் கண்டுவிட்டதாகச் சொல்லி ‘மசூரியம்’ எனப் பெயரும் இட்டனர், அது நிற்கவில்லை. 1937 இல் இத்தாலியின் பலேர்மோ பல்கலைக்கழகத்தில் கார்லோ பெரியரும் எமிலியோ செக்ரேயும், அமெரிக்காவின் பேர்க்லியில் சைக்கிளோத்திரன் என்ற துணிக்கை முடுக்கியில் அடிபட்ட மொலிப்டினத் தகட்டிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினர். இன்றைய பெயர் 1947 இல் வந்தது.

புரோமித்தியம் கிரேக்கக் கதையில் தேவர்களிடமிருந்து நெருப்பைத் திருடிய புரோமீதியசின் பெயர். 1945 இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் மரின்ஸ்கி, கிளென்டெனின், கோரியெல் ஆகிய மூவரும் அணு உலையில் பிளவுண்ட யுரேனியத்தின் எச்சங்களை அயன் பரிமாற்றத்தால் பிரித்து இதை அடைந்தனர். பெயரைச் சொன்னவர் கோரியெலின் மனைவி கிரேஸ் மேரி. இதற்கு முன்னும் ‘புளோரென்சியம்’, ‘இலினியம்’ என்று இரண்டு பெயர்கள் வந்து போயின. கண்டதாகச் சொன்ன ஊர்களின் பெயர்கள் அவை.

தமிழில் எப்படி எழுதுவது? ரெலிபோன், ரீவி என்று சொல்லும் இலங்கையின் நம் பக்கத்து நாவுக்கு ‘ரெக்னீசியம்’ இயல்பு. தமிழகப் புத்தகங்களில் ‘டெக்னீசியம்’. இரண்டில் எதை எழுதினாலும் சரி. ஒரே விடைத்தாளில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். மூலகப் பெயரை மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஒட்சிசன், நைதரசன், தைத்தேனியம் எல்லாம் ஒலியைத் தமிழாக்கித்தான் நிலைத்தன. ரெக்னீசியத்தை ‘செய்பொருளியம்’ என்று ஆக்கினால் யாருக்கும் பயனில்லை.

மொழிபெயர்க்க வேண்டியது அடைமொழியை. அங்கேதான் ஒரு வழுக்கல். ‘ஒளித்தொகுப்பு’ என்று படித்த பழக்கத்தில் சிலர் இவற்றைத் ‘தொகுப்பு மூலகங்கள்’ என்று எழுதுகிறார்கள். தொகுப்பு என்றால் சிறியவற்றைச் சேர்த்துப் பெரிதாக்குவது. இன்று இவ்விரண்டும் பெருமளவில் கிடைப்பதோ யுரேனிய அணு உடையும்போது. உடைந்து வருவதைத் தொகுப்பு என்பது தலைகீழ். ‘செயற்கை’ என்பதே பொருந்தும். அதுவும் முழுமையாக அல்ல: யுரேனியத் தாதுக்குள் அணுக்கள் தாமாகப் பிளவுறுவதால் இரண்டும் மிக நுண்ணிய அளவில் இயற்கையிலும் உண்டு. 1952 இல் வானியலாளர் போல் மெரில் சில செம்பூத விண்மீன்களின் ஒளியிலேயே ரெக்னீசியத்தின் கோடுகளைக் கண்டார். தமிழகத்தில் ‘கதிரியக்கத் தனிமம்’ என்பார்கள். நம் பாடநூல் வழக்கு ‘கதிர்த்தொழிற்பாட்டு மூலகம்’. கதிர்வீச்சு வேறு: கதிர்த்தொழிற்பாடு அணுவின் இயல்பு, கதிர்வீச்சு அதிலிருந்து வெளியே வருவது. பத்திரிகைகள் இந்த இரண்டையும் ஓயாமல் மாற்றிப் போடுகின்றன.

நடுவில் இருக்கும் இந்த இரண்டுக்கு மட்டும் ஏன் நிலைப்பு இல்லை? ஒரே திணிவெண் கொண்ட அடுத்தடுத்த மூலகங்கள் இரண்டின் சமதானிகள் ஒருங்கே நிலையாக இருக்கமாட்டா என்பது மத்தாக் விதி. ரெக்னீசியம் நிலைத்திருக்கக்கூடிய 94 முதல் 102 வரையான திணிவெண்களை எல்லாம் இடப்புற மொலிப்டினமும் வலப்புற ருத்தேனியமும் பிடித்துவிட்டன. 95, 97 மொலிப்டினத்துக்கு. 99, 101 ருத்தேனியத்துக்கு. புரோமித்தியத்துக்கும் அதே கதை: 143, 145 நியோடிமியத்தின் கையில், 147, 149 சமாரியத்தின் கையில்.

இதை நம் கரையிலேயே பார்க்கலாம். புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய் வரை நீளும் கனிய மணலில் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கோன் ஆகியவற்றோடு சிறிதளவு மொனசைற்றும் உண்டு. மொனசைற்று அருமண் உலோகங்களின் பொசுபேற்று. நியோடிமியமும் சமாரியமும் அதற்குள் இருக்கும். 60 இருக்கிறது, 62 இருக்கிறது, இடையில் 61 இல்லை. புளோரென்சியக்காரர்கள் தேடியதும் மொனசைற்றுக்குள்தான், பிரேசில் மொனசைற்று.

உலோகமாக எடுத்துப் பார்த்தால் ரெக்னீசியம் வெள்ளி நிறத்தது, 2157 பாகை செல்சியசில் உருகும், அடர்த்தி ஒரு கன சென்ரிமீற்றருக்கு 11.5 கிராம், ஈயத்துக்கும் சற்று மேல். ஐதரோகுளோரிக் அமிலம் அதைத் தொடாது, நைத்திரிக் அமிலம் கரைக்கும். இரசாயனத்தில் கீழுள்ள ரேனியத்தின் உடன்பிறப்பு: ஒட்சியேற்ற எண் +7 வரை ஏறி, பேர்தெக்னேற்று அயனாக நீரில் எளிதாகக் கரையும். அணுக்கழிவுக் கிடங்குகளில் அஞ்சப்படுவதும் இதனால்தான். மண்ணில் ஒட்டாமல் நிலத்தடி நீரோடு போய்விடும். புரோமித்தியம் 1042 பாகையில் உருகும், அடர்த்தி 7.26. நீர்க்கரைசலில் +3 ஒன்றே அதன் நிலை, உப்புகள் இளஞ்சிவப்பு. அருமண் கூட்டத்தில் அயலவரிடமிருந்து அதைப் பிரிப்பதே பெரும்பாடு. உலோகமாக அதை முதலில் 1963 இல்தான் பெற்றார்கள், புளோரைட்டை இலிதியத்தால் தாழ்த்தி.

அரைவாழ்வுக் காலத்தில்தான், அதாவது அணுக்களில் பாதி சிதைய எடுக்கும் காலத்தில்தான், பெரிய பிளவு. ரெக்னீசியத்தின் 97, 98 ஆகிய சமதானிகளுக்கு ஏறக்குறைய 42 இலட்சம் ஆண்டு. உலைக்கழிவில் மிகுந்து வரும் 99 க்கு 2,11,000 ஆண்டு. புரோமித்தியத்தில் நீண்டது 145, அதற்கே 17.7 ஆண்டு, பயன்படும் 147 க்கு 2.62 ஆண்டு. குறைந்த அரைவாழ்வு என்றால் கூடிய தொழிற்பாடு: ஒரு கிராம் புரோமித்தியம்-147, ஒரு கிராம் ரெக்னீசியம்-99 ஐப் போல ஏறக்குறைய 54,000 மடங்கு வேகமாகச் சிதைகிறது.

ரெக்னீசியத்தின் பெரிய வேலை மருத்துவப் படமெடுப்பில். அதற்காக நோயாளிக்கு ஏற்றுவது இந்த 99 அல்ல, 99எம். ‘எம்’ என்பது சிற்றுறுதி நிலை: அதே கரு, மிகுதிச் சக்தியோடு. 6 மணித்தியால அரைவாழ்வில் 140 கிலோ இலத்திரன்வோற்றுக் காமாக் கதிரை விட்டு 99 ஆகிவிடும். ஏ9 வழியே கண்டியிலிருந்து கிளிநொச்சிக்கு வர ஏறக்குறைய அதே 6 மணித்தியாலம். பேராதனையில் நிரப்பிய குப்பி இங்கே வரும்போது பாதிதான் மிஞ்சும். ஆகவே தூர இடத்துக்கு அனுப்புவது 66 மணித்தியால அரைவாழ்வுள்ள தாய், மொலிப்டினம்-99. அது அலுமினா நிரப்பிய குழாயில் இறுகப் பிடித்திருக்கும், 0.9 வீத உப்புநீரை ஊற்றினால் பேர்தெக்னேற்று மட்டும் கழன்று வரும். அணு மருத்துவத்தார் இந்தக் கருவியைப் பசு என்றும் உப்புநீர் ஊற்றுவதைப் பால் கறத்தல் என்றும் சொல்வார்கள். கறந்து 23 மணித்தியாலத்தில் மடி மீண்டும் நிரம்பும்.

பிழை நேரும் இடங்கள் மூன்று. தாய் மொலிப்டினமே கசிந்து வரலாம். எல்லை, ஒரு மெகா பெக்கரல் 99எம் க்கு 0.15 கிலோ பெக்கரல் (பெக்கரல் என்பது செக்கனுக்கு ஒரு சிதைவு). மகளான 99எம் வேகமாகத் தேயத் தாய் மெல்லத் தேய்வதால் இந்த விகிதம் நேரத்தோடு ஏறும். காலையில் தேறிய குப்பி மாலையில் தேறாமல் போகலாம். இரண்டாவது, எலும்பு ஸ்கானுக்கான மருந்துக் குப்பிக்குள் காற்றுப் புகுவது. ரெக்னீசியத்தைத் தாழ்த்துவதற்காக உள்ளிருக்கும் வெள்ளீய உப்பு ஒட்சியேறிவிட்டால் ரெக்னீசியம் +7 இலேயே நிற்கும். எலும்பில் படியாமல் தைரொயிட்டிலும் இரைப்பையிலும் போய் ஒளிரும். படத்தில் இரைப்பை தெரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மருந்தை. மூன்றாவது, சில நாள் கறக்காமல் விட்ட பசு: முதற் கறவையில் 99 மிகுந்திருக்கும், அது வெள்ளீயத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும்.

புரோமித்தியம்-147 இன் வேலை அமைதியானது. காமா ஏறத்தாழ இல்லை. 224 கிலோ இலத்திரன்வோற்றுக்கு மேற்படாத பீற்றாத் துணிக்கை மட்டும். தடிப்பு அளக்கும் கருவி, சிறு அணு மின்கலம், ஒளிரும் வண்ணப்பூச்சு ஆகியவற்றில் அதைப் பயன்படுத்தினார்கள். மறைப்பும் வேறு. 99எம் க்கு 0.3 மில்லிமீற்றர் ஈயம் பாதிக் கதிரைத் தடுக்கும். பீற்றாவுக்கு நேரடியாக ஈயத்தை வைத்தால் அதில் மோதி எக்ஸ் கதிர் பிறக்கும். முதலில் பிளாஸ்ரிக் அல்லது அலுமினியம், ஈயம் தேவையென்றால் அதற்குப் பின்னால்.

பழைய இரும்போடு வரும் மீற்றர் முகப்புகளில் ஒளிராத பூச்சைக் கண்டால் ‘செத்துப்போச்சு’ என்று எண்ண வேண்டாம். புரோமித்தியப் பூச்சு என்றால் பத்தரை ஆண்டில் பதினாறில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். ஆனால் பழைய முகப்புகளில் கூடுதலாக இருப்பது ரேடியம், அரைவாழ்வு 1600 ஆண்டு. அங்கே ஒளிரும் நாகசல்பைட்டுத்தான் பழுதாகியிருக்கும், ரேடியம் அப்படியே இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மங்கல். கண்ணாடியைக் கழற்றக் கூடாது, பூச்சைச் சுரண்டக் கூடாது.