கார்ன்ஃப்ளேக்ஸ்னா செதில் இல்லீங்க, அவல்

போன ஞாயித்துக்கிழம கடலூர் முதுநகர் மார்க்கெட்ல வாங்குன கொடுவா மீன அத்தை வாசல்ல உக்காந்து ஆஞ்சிக்கிட்டு இருந்துச்சு. வால்லேர்ந்து தலையப் பாத்து கத்தியால ஒரு இழு இழுத்தா நகம் சைசுக்கு செதில் தெறிச்சு செவுத்துல போய் ஒட்டுது. அந்த நேரம் பாத்து நான் மஞ்சக்குப்பத்துலேர்ந்து வாங்கிட்டு வந்த கார்ன்ஃப்ளேக்ஸ் பாக்கெட்ட வச்சேன், அத்தை கைய தலப்புல தொடச்சுட்டு பின்னாடி ஒட்டியிருந்த தமிழ் லேபிள எழுத்துக்கூட்டிப் படிக்குது, சோளச் செதில்கள். "இன்னாடா இது, செதிலயா பால் ஊத்தி திங்கிறீங்க?"

இந்தச் சொல்ல நான் பாக்குறது இது முதல் தடவையும் இல்ல. சமையல் குறிப்பு, டயட் சார்ட்டு, டப்பிங் விளம்பரம் எல்லாத்துலயும் செதில் செதிலா கொட்டுது.

கார்ன்ஃப்ளேக்ஸ் மாதிரி பண்டத்துக்கு இங்கிலீஷ்ல பொதுப்பேரு சீரியல், டிவி சீரியல் இல்ல, தானியம்னு அர்த்தம். அது லத்தீன் வழியா வந்த சொல்லு, ரோமானியரோட விளைச்சல் தெய்வம் சீரிஸ், அவ பேர்லேர்ந்து வந்தது. நம்ம பழைய சொல்லு கூலம், மணிமேகலை எழுதுன சாத்தனாருக்கே கூலவாணிகன்னு தான் அடைமொழி. ஆனா இன்னைக்கு கடைல போய் கூலம் குடுங்கன்னா வைக்கோல் கூளமான்னு கேப்பான். அதனால தானியம்னே இருக்கட்டும், அது வடமொழின்னு சண்டைக்கு வர்றவங்களோட எனக்குப் பேச்சு இல்ல, புரியுது, அது போதும்.

என் வழக்கு செதிலோட தான். முதல்ல அந்த சோளமே தப்பு. சோளம்னா நம்ம வெள்ளச்சோளம், செஞ்சோளம். கார்ன்ஃப்ளேக்ஸ் செய்யறது மக்காச்சோளத்துல, வேப்பூர் திட்டக்குடி பக்கம் யாரக் கேட்டாலும் ரெண்டும் வேற வேற பயிர்னு சொல்லுவாங்க, 2018ல படைப்புழு வந்து மக்காச்சோளத்தத் தின்னது அவங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும். அடுத்து செதில். தமிழ்ல செதில்னா மேல இருந்து உரிஞ்சு வர்றது, மீன் செதில், மரப்பட்டைச் செதில், தோல் காஞ்சு செதில் செதிலா உதிருது, இப்படித் தான் சொல்றோம். எல்லாமே கழிச்சுத் தூரப் போடுறது, திங்கிற பண்டம் ஒண்ணு கூட அதுல இல்ல. அகராதியத் தொறந்து ஃப்ளேக்னு பாத்தா செதில்னு போட்டிருக்கும், அத அப்படியே எடுத்து ஒட்டிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டா அது மொழிபெயர்ப்பா?

செய்முறையப் பாருங்க. மக்காச்சோளத்த ஒடச்சு, தோலும் மொளையும் நீக்கி, அந்தக் குருணைய வேக வச்சு, ஒணத்தி, உருளைல குடுத்து நசுக்கி, வறுக்கறாங்க. ஒவ்வொரு துண்டும் எதுலேர்ந்தும் உரிச்சது இல்ல, ஒரு பருக்கைய தட்டையா நசுக்குனது. நெல்ல ஊறவச்சு வறுத்து சூட்டோட இடிச்சா என்ன வரும்? அவல். சங்கப் பாட்டு காலத்துலேர்ந்து அந்தப் பேர் இருக்கு, பாசவல்னு பச்சை நெல்லு அவலுக்குத் தனிப்பேரே இருக்கு. அவல்னா அரிசி மட்டும் தானேன்னு ஒரு மொழிபெயர்ப்பு நண்பர் மடக்குனாரு. ஏன், கம்பு அவல், கேழ்வரகு அவல், கோதுமை அவல் எல்லாம் கடைல தொங்குதே, அதெல்லாம் யாரு அகராதியப் பாத்தா வச்சாங்க? ஓட்ஸும் உருளைல நசுக்குனது தான், அதுவும் அவல். ஊதிப் பெருத்து வர்றதுக்கு பொரின்னு சொல்லு தயாரா நிக்குது.

கார்ன்ஃப்ளேக்ஸ் விக்கிற கெல்லாக்ஸ் கம்பெனி 1994ல இந்தியாவுக்கு வந்தப்போ பட்ட பாடு தெரிஞ்சது தானே. அமெரிக்காவுல பேட்டில் க்ரீக்ன்ற ஊர்ல ஒரு சுகவாச ஆஸ்பத்திரில பொறந்த பண்டம், 1906ல கம்பெனி ஆச்சு, அங்க ஜில்லுனு பால் ஊத்தி மொறுமொறுன்னு திங்கிறது பழக்கம். இங்க நம்மாளுங்க சூடா பால் காச்சி ஊத்துனாங்க, கொழகொழன்னு போச்சு. நம்ம ஜனங்களுக்குத் திங்கத் தெரியலன்னு இத ஒரு ஜோக்கா சொல்லுவாங்க. எனக்கு அப்படித் தோணல. பாத்தவொடனே இது அவல்னு கைக்குத் தெரிஞ்சிருக்கு, அவலுக்கு என்ன செய்வமோ அதச் செஞ்சாங்க.

அப்புறம் கம்பெனிங்க மாறுனது தான் வேடிக்க. புள்ளைங்களுக்கு சாக்லேட்டு, ஒடம்பு இளைக்கணும்னா ஒண்ணு, ஆபீசுக்கு ஓடுறவங்களுக்கு மசாலா ஓட்ஸு, 2023 சிறுதானிய ஆண்டுன்னு ஐநா சொன்னதும் கம்பு ராகின்னு அட்டைல பெருசா படம். வீட்டுல மாவாட்ட நேரம் இல்ல, ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, அதப் புரிஞ்சு விக்கிறாங்க, அதுல தப்பு இல்ல. ஆனா நம்ம கம்பே திரும்பி வந்தாலும் பேரு மட்டும் ஃப்ளேக்ஸ் தான். அவல்னு அட்டைல போட்டா மூட்டைலேர்ந்து நிறுத்துக் குடுக்குற வெல தான் கெடைக்கும்னு அவங்களுக்குத் தெரியும். வியாபாரிக்கு அந்தக் காரணம் இருக்கு. லேபிள் எழுதுறவருக்கு என்ன காரணம்?

நேத்து ஒரு பீட்சா கடை பில்லுல மிளகாய்ச் செதில்னு போட்டிருந்தான். ஒண்ணும் ரெண்டுமா இடிச்ச மிளகா, அவ்ளோ தான் அது. அத்தைட்ட காட்டல. அத்தை இப்ப கார்ன்ஃப்ளேக்ஸுக்கு மக்கா அவல்னு பேர் வச்சு, சூடா பால் ஊத்தி, வெல்லம் நுணுக்கிப் போட்டு, நல்லா ஊறட்டும்னு பத்து நிமிஷம் மூடி வச்சுத் திங்கிது.