24எக்ஸ், 8எக்ஸ்: அந்த எக்ஸுக்கு தமிழ்ல என்ன?

தங்கச்சி பையன் பழைய லேப்டாப் ஒண்ணத் தூக்கிட்டு வந்து, "மாமா, இதோட டிஸ்க் டிரைவ்ல சிடி 24எக்ஸ், டிவிடி 8எக்ஸ்னு போட்டிருக்கே, அப்ப டிவிடிதான் ஸ்லோவா?"ன்னு கேட்டான். ரொம்ப நல்ல கேள்வி, நிறைய பேர் குழம்புற இடமும் இதேதான்.

அது எக்ஸ் எழுத்தே இல்லங்க, பெருக்கல் குறி. தமிழ்ல அப்படியே 'மடங்கு'. சரி, எதோட மடங்கு? 1982ல பாட்டு சிடி கடைக்கு வந்தப்ப பாட்டு விட்டு விட்டு வராம ஓட என்ன வேகம் வேணுமோ அதுதான் 1 மடங்கு, டேட்டா கணக்குல செகண்டுக்கு 150 கிலோபைட், அதாவது 80 நிமிஷ சிடிய முழுசா படிக்க 80 நிமிஷம். ஆனா டிவிடி வந்தப்ப அதுக்குன்னு தனியா ஒரு 1 மடங்கு வச்சுட்டாங்க, செகண்டுக்கு 1385 கிலோபைட்! ப்ளூ-ரேக்கு இன்னும் மேல, 4.5 மெகாபைட். அப்ப சிடி 24 மடங்குன்னா 3600 கிலோபைட், டிவிடி 8 மடங்குன்னா 11,000 கிலோபைட்டுக்கு மேல. டிவிடிதான் மூணு மடங்கு ஃபாஸ்ட்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், ரெண்டுலயும் மோட்டார் சுத்துறது கிட்டத்தட்ட ஒண்ணுதான், நிமிஷத்துக்கு 5000 சுத்து பக்கம். டிவிடில டேட்டா பதிஞ்சிருக்கற புள்ளிங்க நெருக்கமா இருக்கறதால அதே சுத்துல நிறைய டேட்டா வந்துடுது. டெஸ்க்டாப் டிரைவ் 52 மடங்கு வரைக்கும் போகும், லேப்டாப்ல அப்படி முடியாது. ட்ரேய கையால இழுத்து, டிஸ்க்க நடுவுல விரலால அமுக்கினா 'டிக்'னு உக்காருமே, அந்த 12.7 இல்ல 9.5 மில்லிமீட்டர் மெலிசு பெட்டியும் அதோட 5 வோல்ட் மோட்டாரும் அவ்ளோதான் தாங்கும்.

டிஸ்க்குக்கு 'வட்டு'ங்கறது புதுசா செஞ்ச சொல் இல்ல, "அரங்கின்றி வட்டாடி யற்றே"ன்னு குறள் 401லயே வருது, அங்க அது விளையாட்டுக் காய். சிடிக்கு இங்க குறுந்தகடு, குறுவட்டும்பாங்க, இலங்கைல இறுவட்டு. டிரைவுக்கு இயக்ககம். டிஸ்க்க ஒளியால படிக்கறதால, ஆக மொத்தம் 'ஒளிவட்டு இயக்ககம்'னு சொன்னா எனக்குத் திருப்தி.

ஆனா வெறும் '24 மடங்கு'ன்னு எழுதினா பத்தாது. டிஸ்க்க உள்பக்கத்துலேர்ந்துதான் படிக்க ஆரம்பிக்கும், அங்க சுத்தளவு சின்னதுங்கறதால பாதி வேகம்கூட வராது, முழு வேகம் வெளி ஓரத்துக்குப் போனாதான். அதனால 'உச்சம் 24 மடங்கு'ன்னு போடறதுதான் சரி.