ரேஷன்: அளந்து கொடுப்பதா, பங்கு வாங்குவதா?

"ரேஷன்ல அரிசி போடறாங்களாம், கார்டை எடுத்துக்கிட்டு வா." எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் இந்தக் குரல் மறுபடி கேட்டது 2024 தீபாவளியை ஒட்டித்தான். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கிடைக்க வேண்டிய அரிசிக்குப் பதிலாக, 2015 செப்டம்பரிலிருந்து புதுச்சேரியில் வங்கிக் கணக்கில் பணம் போட்டார்கள். கடைகள் பூட்டிக் கிடந்த அந்த நாட்களிலும் சிவப்பு கார்டு, மஞ்சள் கார்டு எல்லாமே எங்களுக்கு ரேஷன் கார்டுதான்.

இந்த 'ரேஷன்' என்ற சொல்லைத் தமிழில் எப்படி எழுதுவது? கணக்கு என்னும் பொருளுள்ள லத்தீன் சொல் ஒன்றுதான் இதற்கு வேர். பிரெஞ்சில் அது படைவீரனுக்கு நாள்தோறும் அளந்து கொடுக்கும் உணவைக் குறித்தது; உச்சரிப்பு 'ராசியோன்'. 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது. ஆனாலும் நம் வாயில் நிலைத்தது ஆங்கில உச்சரிப்புதான். இரண்டாம் உலகப்போர்க் காலத் தட்டுப்பாட்டில் பிரிட்டிஷ் இந்திய நகரங்களில் தானியத்தை அளந்து கொடுத்தபோது பரவிய சொல் அது.

தமிழில் இதற்கு மிக நெருக்கமானது 'படி'. அரிசி அளக்கும் பாத்திரமும் படி, கணக்கிட்டுக் கொடுக்கும் தொகையும் படி: பயணப்படி, அகவிலைப்படி. ஆனால் அதில் அளப்பவரின் கைதான் தெரிகிறது. வாங்குபவரின் உரிமை தெரியவில்லை. 'நியாய விலைக் கடை' என்பது கடையின் பெயர் மட்டுமே. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கிலோவுக்கு 3 ரூபாய் என்று வைத்த அரிசிக்கு 2023 ஜனவரி முதல் விலையே கிடையாது.

நான் எழுதும் சொல் 'பங்கீடு'. வைத்திக்குப்பத்தில் மீன் விற்ற காசைப் படகுக்கு இவ்வளவு, வலைக்கு இவ்வளவு, ஆளுக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். அங்கே யாரும் கை கட்டி நின்று பங்கு கேட்பதில்லை, "என் பங்கு எங்கே?" என்றுதான் கேட்பார்கள். முன்னுரிமைக் குடும்பத்தில் தலைக்கு மாதம் 5 கிலோ என்று சட்டம் எழுதி வைத்ததும் அப்படிப்பட்ட பங்குதான்.

அந்தப் பங்கில் கிலோவைத் தாண்டிய கணக்கு ஒன்றும் சேர்ந்தது. வயிறு நிறைந்தும் இரத்தசோகை தீராததால், இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்த செறிவூட்டப்பட்ட அரிசியைக் கொடுக்கத் தொடங்கினார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, நிறம் மாறிய மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். "பிளாஸ்டிக் அரிசிடா, தண்ணில மிதக்குது பாரு."

"இல்லக்கா, அரிசி மாவுல சத்தைச் சேர்த்துப் பிசைஞ்சு அரிசி மாதிரியே செஞ்சது. நூறு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு கலக்கறாங்க. நீ தூக்கிப் போடறதுலதான் சத்தே இருக்கு" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு தரையில் கிடந்ததை அள்ளி, ஊதி, முறத்தில் போட்டுக்கொண்டாள்.