கேபிள் எங்க அறுந்துச்சுன்னு உக்காந்த இடத்துலயே எப்படி தெரியுது?

கோத்தகிரி பக்கம் சின்னதா தேயிலைத் தோட்டம் வச்சிருக்கிற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு. வீட்டுக்கு ஃபைபர் இழுக்கலாம்னு இருக்காராம். போன மழையில அவங்க தெருவுக்கே நெட் போயிருக்கு, வந்த டெக்னீஷியன் கையடக்கமா ஒரு மிஷினை மாட்டிப் பாத்துட்டு "இங்கிருந்து நாலு கிலோமீட்டர் தாண்டி போயிருக்கு"ன்னு சொன்னாராம், போய்ப் பாத்தா சரியா அந்த இடத்துல ஒரு கற்பூர மரம் கேபிள் மேல சாஞ்சு கிடந்துச்சாம். அது எப்படி சார் தெரியும், அப்புறம் எந்த கம்பெனி கனெக்‌ஷன் எடுக்கலாம்னு ரெண்டு கேள்வி. முதல் கேள்விக்கு பதில் தெரிஞ்சா ரெண்டாவதுல பாதி முடிஞ்சிரும்.

ஒளி வெளிய போகாம கண்ணாடிக்குள்ளயே பட்டுப் பட்டுத் திரும்பி ஓடுற முழு அக எதிரொளிப்பு ஸ்கூல்ல படிச்சதுதான், அதனால வேகமா தாண்டிடறேன். முடி மாதிரி ஒரு கண்ணாடி இழை, மொத்தம் 125 மைக்ரான், அதுல நடுவுல 9 மைக்ரான் தடிமன்ல இருக்கிற கோர்லதான் ஒளி ஓடுது. எக்ஸ்சேஞ்சுல இருந்து வர்ற ஒரு இழையை வழியில ஸ்ப்ளிட்டர் 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிச்சுக் கொடுக்கும். இப்படிப் பிரிச்சுக் கொடுக்கறதுல பரவலா இருக்கிற ஜிபான் (GPON) முறையில நம்ம வீட்டுக்கு வர்ற டேட்டா 1490 நானோமீட்டர் ஒளியில வரும், நாம அனுப்பறது 1310ல போகும். ரெண்டுமே கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

ஏன் அகச்சிவப்பு? இதுக்கு பதில் நம்ம நீலகிரி மலையோட பேர்லயே இருக்கு.

தொட்டபெட்டாவுல நின்னு பாருங்க, தூரத்து மலையெல்லாம் நீலமாத் தெரியும். நமக்கும் அந்த மலைக்கும் நடுவுல இருக்கிற காத்து மூலக்கூறுங்க ஒளியைச் சிதறடிக்குது, அலைநீளம் குறைய குறைய சிதறல் தாறுமாறா ஏறும், அதனால நீலம்தான் நம்ம கண்ணுக்கு அதிகமா வருது. 1871ல ராலேங்கற இங்கிலாந்து இயற்பியலாளர் போட்ட கணக்கு இது. அலைநீளத்தை ரெண்டு மடங்காக்கினா சிதறல் 16ல ஒரு பங்காயிடும். கண்ணாடிக்குள்ளயும் இதே கதைதான். கண்ணாடியை உருக்கி இழையா இழுக்கும்போது அணுக்கள் அங்க நெருங்கி இங்க விலகி துள்ளிக்கிட்டே இருக்கும், இழை சட்டுனு ஆறும்போது அந்தத் துள்ளல் அப்படியே உறைஞ்சு நின்னுடும். எவ்வளவு சுத்தமான கண்ணாடியா இருந்தாலும் இந்த உறைஞ்ச மேடு பள்ளத்தை எடுக்கவே முடியாது. ஒளி அதுல பட்டுப் பட்டு கொஞ்சம் கொஞ்சமா சிதறும். நீல ஒளியை அனுப்பினா ரொம்ப சிதறும், அதான் நீளமான அலையா அகச்சிவப்பைப் பிடிச்சாங்க.

சிதறுற ஒளி எல்லாப் பக்கமும் போகும் இல்லையா, அதுல ரொம்பச் சின்ன ஒரு பங்கு வந்த வழியே திரும்பி ஓடி வரும். அதைப் பிடிக்கிற மிஷின்தான் ஓடிடிஆர் (OTDR), அந்த டெக்னீஷியன் கையில இருந்தது. ராத்திரி மேட்டுப்பாளையம் ரோட்டுல மூடுபனிக்குள்ள ஹைபீம் போட்டா வெளிச்சம் நம்ம மூஞ்சிக்கே திரும்பி வருமே, அது மாதிரி, இங்க கண்ணாடியே பனி. மிஷின் ஒரு குட்டி ஒளித்துடிப்பை அனுப்பிட்டு திரும்பி வர்றதை நேரம் பாத்து எழுதிக்கிட்டே இருக்கும். கண்ணாடிக்குள்ள ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், அப்போ 1 கிலோமீட்டர் போய்த் திரும்ப 10 மைக்ரோ செகண்ட், 1 மீட்டருக்கு 10 நானோ செகண்ட். 42 மைக்ரோ செகண்ட் வரைக்கும் மெல்லிசா ஒளி வந்துகிட்டே இருந்து அதுக்கப்புறம் ஒண்ணுமே வரலைன்னா 4.2 கிலோமீட்டர்ல இழை முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். திரும்பி வர்ற ஒளி அவ்வளவு கம்மிங்கறதால ஆயிரக்கணக்கான துடிப்பை அனுப்பி சராசரி எடுப்பாங்க, ஸ்க்ரீன்ல சரிஞ்சுகிட்டே போற ஒரு கோடு வரும், ஒட்டு போட்ட இடத்துல சின்னப் படி, கனெக்டர்ல ஒரு கூர், அறுந்த இடத்துல அதலபாதாளம். எனக்கு இந்தக் கோட்டைப் பாக்கவே அவ்வளவு பிடிக்கும். நமக்கு நஷ்டம்னு நினைச்ச அதே சிதறல்தான் எங்க காயம்னு காட்டிக் கொடுக்குது.

1966ல சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள், கிலோமீட்டருக்கு 20 டெசிபல் அளவுக்கு இழப்பைக் குறைச்சா கண்ணாடியில பேசலாம்னு எழுதினப்போ, அந்த 20 டெசிபல்ங்கறதே 1 கிலோமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு ஒளி மிஞ்சுறதுதான். இன்னைக்கு 1550 நானோமீட்டர்ல கிலோமீட்டருக்கு 0.2 டெசிபல், அதாவது அதே ஒரு பங்கு 100 கிலோமீட்டர் தாண்டி மிஞ்சுது. காவுக்கு நோபல் 2009ல கிடைச்சுது. வானம் ஏன் நீலம்னு கேட்ட ஆராய்ச்சிக்கு யாராவது "இதுல என்ன லாபம்"னு பணத்தை நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்னு நான் அடிக்கடி நினைப்பேன். இதே திரும்பி வர்ற ஒளியில வர்ற நடுக்கத்தைப் படிச்சு, புதைச்ச கேபிளை வச்சே நிலம் அசையறதைக் கேக்குற ஆராய்ச்சி உலகத்துல பல இடத்துல நடக்குது. 2009 நவம்பர் மண்சரிவைப் பாத்த மாவட்டம் நம்மளோடது, இங்க அதுக்குக் கண்டிப்பா காசு ஒதுக்கணும்.

சரி, கனெக்‌ஷன். எத்தனை எம்பிபிஎஸ் (Mbps) வேகம்ங்கற கணக்கைக் கடைசியில பாருங்க. இங்க கேபிள் பெரும்பாலும் கம்பத்துலயும் மரத்துலயும் தொங்கிகிட்டு வருது, அதனால உங்க ஊர்ல யாருக்கு லைன்மேன் இருக்காங்க, ஓடிடிஆரும் அறுந்த இழையை ஒட்டுற ஸ்ப்ளைசிங் மிஷினும் மலை மேலயே இருக்கா இல்ல கோயம்புத்தூர்ல இருந்து வரணுமான்னு கேளுங்க. போன மழையில அறுந்தப்போ எத்தனை நாள் ஆச்சுன்னு பக்கத்து வீட்டுல விசாரிங்க. மிஷின் காட்டுறது கேபிள் நீளம், ரோட்டு நீளம் இல்ல, வழியில சுருட்டி விட்ட கேபிள் எல்லாம் அதுல சேரும், அதனால ஜாயிண்ட் பாக்ஸ் எங்கெங்க இருக்குன்னு தெரிஞ்ச உள்ளூர் ஆளுதான் நேரா மரத்தடிக்குப் போவாரு.

பனி இறங்கினா ஃபைபர் ஸ்லோ ஆகும்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது உண்மை இல்ல, இழைக்குள்ள ஓடுற ஒளிக்கு வெளிய இருக்கிற பனி தெரியாது. ஜாயிண்ட் பாக்ஸ்ல தண்ணி இறங்கினா, இல்ல கரண்ட் போனாத்தான் பிரச்சனை. வீட்டு மோடத்துக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கிக்கோங்க.

மாட்டி முடிச்சதும் வீட்டுக்கு வந்து சேர்ற ஒளியோட பவர் எவ்வளவுன்னு டெக்னீஷியன்கிட்ட கேட்டு எழுதி வச்சுக்கோங்க. டிபிஎம்ங்கற (dBm) அளவுல மைனஸ்ல சொல்வாங்க, மைனஸ் எண் பெருசானா ஒளி கம்மின்னு அர்த்தம். எங்க வீட்டுல முதல்ல போட்டப்போ ஜன்னல் ஓரத்துல கேபிளை இறுக்கி மடிச்சு கிளிப் அடிச்சுட்டாங்க, மைனஸ் 29 காட்டுச்சு, அடிக்கடி சிவப்பு லைட் எரிஞ்சுது. இறுக்கமா வளைச்சா ஒளி கோரை விட்டு வெளிய கசிஞ்சிரும். மடிப்பைத் தளர்த்தி வளையல் அளவுக்கு வட்டமா விட்டதும் மைனஸ் 21க்கு வந்துச்சு, இன்னைக்கு வரைக்கும் அங்கயேதான் நிக்குது.